ஆறு ஈரக் காலடிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் யாரும் சாகவில்லை. பாதுகாப்பைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டாலே ஒரு சாவைச் சொல்லி, பிறகு அறிவுரை சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. போன மாதம் என்னைத் தேடி வந்த இளம் அதிகாரியும் அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். இப்போது விமானத்தில் மூட்டை ஏற்ற ஓடும் பட்டை வந்துவிட்டது, மின்னுகிற சட்டை வந்துவிட்டது, காதுக்கு மூடி வந்துவிட்டது, ஒரு வாரம் வகுப்பு நடத்திக் கையில் சான்றிதழும் கொடுக்கிறார்களாம். அதற்கெல்லாம் முன்னால் நீங்கள் எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று கேட்டார். சமாளித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை சமாளிக்கவில்லை. அதை எழுதித் தருகிறேன் என்றேன்.

என் பெயர் சாமுவேல். ஊர் சித்தூர். என் நைனா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தார். நானும் அங்கேயே படித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிந்து, இரண்டு வருஷம் மாம்பழக்கூழ் கம்பெனியில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தபோது கார்டு வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு விமானக் கம்பெனியில் லோடர் வேலை. மதராஸில் ஆறு வாரம் பயிற்சி. அந்த ஆறு வாரத்தில் கற்றது என்னவென்றால், குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு என்பதும், மீனம்பாக்கத்து கேண்டீனில் பத்து மணிக்கு மேல் போனால் பொங்கல் கிடைக்காது என்பதும்தான். மீதியெல்லாம் ரேணிகுண்டாவில் கற்றேன்.

திருப்பதிக்கு வருகிற விமானம் இறங்குவது ரேணிகுண்டாவில். அப்போது ஒரு சின்னக் கட்டடம், அதற்கு எதிரே விமானம் நிற்கிற சிமெண்டுத் தளம், அவ்வளவுதான். அந்தத் தளத்தை ரேம்ப் என்போம். கம்பெனியின் ஸ்டேஷன் பொறுப்பாளர் சேஷகிரி ராவ் சார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தானும் போட்டிருப்பார். இருபது வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லோரையும் 'நாயனா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் நைனா என்றால் அப்பா. அவர் வாயில் அது எங்களைப் போன்ற கீழ்நிலை ஆட்களுக்குச் செல்லப் பெயர். முதல் வாரம் அவர் கூப்பிட்டபோதெல்லாம் நான் திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன்.

ராவ் சார் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போகமாட்டார். சொல்லி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நேனேம் செப்பினானு?" என்பார். நான் என்ன சொன்னேன் என்று நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் கோபப்பட மாட்டார். முதலிலிருந்து அதே வேகத்தில் மறுபடி சொல்லிவிட்டு மறுபடி கேட்பார். விமானம் இறங்கிக்கொண்டிருந்தாலும் சரி. அதற்குப் பயந்தே நாங்கள் முதல் தடவையில் காது கொடுத்துக் கேட்டோம்.

அந்த நாளில் வந்தது நாற்பது பேர் உட்காருகிற ரெட்டை விசிறி விமானம். நான் சேர்ந்த நாலாம் மாதம், வசதியாக இருந்ததென்று, வந்தவர்கள் இறங்கும் முன்பே வால் பக்கத்துச் சாமான் அறையை நிரப்பிவிட்டேன். பயணிகள் இறங்குகிற கதவும் வால் பக்கம்தான். கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து பின்னால் வந்தார்கள். நாற்பது பேர், அதில் முக்கால்வாசிப் பேர் மலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள். முன்சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. வாலுக்கு அடியில் நான் நின்றிருந்தேன். ராவ் சார் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார், பிறகு படியில் ஏறிப் போய், தயவுசெய்து பாதிப் பேர் உட்காருங்கள் என்று அதே தணிந்த குரலில் சொன்னார். முன்சக்கரம் மெல்ல இறங்கியது.

அன்றைக்கு அவர் எனக்குப் பாடம் எடுத்தது முனிரத்தினத்தை வைத்துத்தான். முனிரத்தினம் எங்கள் லோடர்களில் ஒருவன், தினக்கூலி. சத்தியவேடு பக்கம் எல்லைக் கிராமத்துக்காரன். அவன் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பண்ணை வேலையை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவன் அவன்தான். என்னைவிட நாலு வயது சின்னவன், என்னைவிட இரண்டு மடங்கு பலம். ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் திருத்தணிக்குக் காவடி எடுப்பான். அவனைக் கூப்பிட்டு, காவடியில் ஒரு பக்கத்துச் செம்பில் மட்டும் பால் ஊற்றினால் என்ன ஆகும் என்று ராவ் சார் கேட்டார். சாய்ஞ்சிடும் சார் என்றான். இறக்கை இருக்கிற இடம்தான் விமானத்துக்குத் தோள், முன்னும் பின்னும் இரண்டு செம்பு என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நேனேம் செப்பினானு?" என்றார். கிறிஸ்தவனான நான் காவடிப் பாடம் ஒப்பித்தேன். முனிரத்தினம் சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பதியிலிருந்து போகிற விமானம் என்றால் பிரசாதம் இல்லாமல் போகாது. பயணிகள் கையில் வைத்திருப்பது போக, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக லட்டு ஏறும். அதைப் பெட்டி படுக்கைகளோடு சேர்த்துப் போட லோடர்கள் ஒப்பவில்லை. செருப்பு வைத்த சூட்கேசுக்குக் கீழே எப்படிச் சாமி பிரசாதத்தை வைப்பது? ஆகவே அது எப்போதும் முன்பக்க அறைக்குப் போகும். வைத்துவிட்டு வருகிறவன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பமாட்டான். சன்னதியிலிருந்து வருகிற மாதிரி, கைகூப்பியபடி மூன்று எட்டு பின்னாலேயே வைத்து, பிறகுதான் திரும்புவான். யார் தொடங்கியது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. நாற்பது பேர் விமானத்தில் இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. இரண்டு விசிறியும் நின்ற பிறகுதான் நாங்கள் கிட்டே போவோம்.

அவர்கள் அப்படிக் கும்பிடுகிற நேரத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். சக்கரத்துக்கு வைத்த கட்டையைச் சரிபார்ப்பது போல ஏதாவது செய்வேன். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. நான் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இது நல்ல பண்பு என்று எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. சொன்னால் என்ன, இருந்தது.

எண்பதுகளின் நடுவில் பெரிய விமானம் தினமும் வருவது நின்று, பதினெட்டுப் பேர் உட்காருகிற சின்ன விமானம் வந்தது. அப்போது நான் லோடிங் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். இந்தச் சின்ன விமானத்தில் எல்லாமே கைக்கெட்டுகிற தூரம். விசிறி இடுப்பு உயரத்துக்கு இறங்கிச் சுழலும். பயணிகள் ஏறுவது இடதுபக்கம் பின்னால். சாமான் அறை அதற்கும் பின்னால், வாலில். இன்னொரு சின்ன அறை விமானத்தின் மூக்கில் இருந்தது. அதன் கதவு வலதுபக்கம். நாங்கள் அதை மூக்குப் பெட்டி என்போம். மூக்குப் பெட்டிக்குப் பின்னால் ஆறேழு எட்டு வைத்தால் வலது விசிறி.

லட்டுப் பெட்டிகள் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூக்குதான் முன்பக்கம், எல்லோருக்கும் திருப்தி.

புது விமானம் வந்த முதல் வாரத்தில் ராவ் சார் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு விதி சொன்னார். விமானத்தை எழுப்ப வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிற பேட்டரி வண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அது பழுதானால், வந்து நின்ற விமானத்தின் இரண்டு விசிறியையும் நிறுத்த பைலட் யோசிப்பார். நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாமல் போகலாம். அப்போது பயணிகள் ஏறுகிற இடதுபக்க விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு வலதை ஓடவிடுவார். வலது ஓடினால் மூக்குப் பெட்டியைத் திறக்கக்கூடாது, யார் சொன்னாலும் திறக்கக்கூடாது. நான்தான் முதலில் திருப்பிச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

அதே வாரம் முனிரத்தினம் லட்டுப் பெட்டியை மூக்கில் வைத்துவிட்டு வழக்கம்போல மூன்று எட்டு பின்வைத்தான். விசிறிகள் நின்றிருந்தன. மூன்றாவது எட்டில் அவன் முதுகுக்கும் விசிறிக்கும் நடுவில் பாதி தூரம்தான் மிச்சம் இருந்தது. இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் போனேன். போய், டிராலி சக்கரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு நானே நிறைய சமாதானம் சொல்லிக்கொண்டேன். விசிறி ஓடும்போதுதான் கதவே திறக்கமாட்டோமே என்றேன். மூன்று எட்டுதானே, படாதே என்றேன். உண்மை அதுவல்ல. சாமி விஷயத்தில் கிறிஸ்தவன் மூக்கை நுழைக்கிறான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பத்து வருஷம் அவர்களோடு ஒரே தட்டில் துன்னு, ஒரே பீடிக் கட்டைப் பகிர்ந்தவன் நான். அந்த உறவு ஒரு வார்த்தையில் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. அப்படியே மூன்று வாரம் போனது.

அந்த நாள் காலையிலேயே பேட்டரி வண்டியின் கேபிள் கருகிவிட்டது. மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டிருந்தார். ராவ் சார் கட்டடத்துக்குள் மதராஸுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். மதியம் பன்னிரண்டரைக்கு விமானம் வந்தது. பைலட் எதிர்பார்த்தபடி இடதை நிறுத்தினார், வலது ஓடிக்கொண்டே இருந்தது. ஏற வேண்டிய பயணிகளில் இரண்டு பெரியவர்கள் ஒரு மரப்பெட்டியோடு நின்றார்கள். அதற்குள் பஞ்சலோகத்தில் செய்த உற்சவ மூர்த்தி. அவர்கள் ஊரில் புதிதாகக் கட்டிய சின்னக் கோவிலுக்காகச் செய்து, மலைக்கு எடுத்துப் போய்ப் பூஜை பண்ணிக் கொண்டுவந்திருந்தார்கள். கூடவே பித்தளை அண்டா, குடம், அடுக்கு விளக்கு என்று கோவிலுக்கு வேண்டிய சாமான் அத்தனையும். வால் அறை அதிலேயே நிரம்பிவிட்டது.

கணக்குத் தாளைப் பார்த்த கேப்டன் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினார். வால் கனம் அதிகம், மூக்கில் நாற்பது கிலோ வேண்டும். மரப்பெட்டி கிட்டத்தட்ட அந்த எடைதான். அதைச் சூட்கேசுகளுக்கு நடுவே திணிக்கவும் முடியாது. எடைக்கும் மரியாதைக்கும் அதன் இடம் மூக்குப் பெட்டிதான். தடுத்தது ஒன்றே ஒன்று, வலதுபக்கம் ஓடிக்கொண்டிருந்த விசிறி.

நான் அங்கே செய்திருக்க வேண்டியது ரொம்ப எளிது. கேப்டனிடம் கையைக் குறுக்கே காட்டி, நிறுத்துங்கள், கேபிள் தயாராகும்வரை காத்திருப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாமதம் ஆகும். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதை நினைத்து, ஒரே ஒரு பெட்டிதானே, நானே பக்கத்தில் நிற்கிறேனே என்று முனிரத்தினத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் விதியை ஒப்பித்த அதே ஆள்தான் தலையசைத்தது.

முனிரத்தினம் குழாயடிக்குப் போய், பூட்சைக் கழற்றிக் கைகாலைக் கழுவிக்கொண்டு, நனைந்த கால்சட்டை சொட்டச் சொட்ட வந்தான். லட்டுக்கு அவன் அப்படிச் செய்வதில்லை, இது சாமி. கையில் கொண்டுவந்த பூட்சை, வெயிலில் காயாமல் இருக்கட்டும் என்று வலது இறக்கை முனையின் நிழலில் வைத்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, விசிறிக்கு எட்டாமல் வெகுதூரம் வளைந்து, மூக்குக்கு முன்பக்கமாக வந்தான். இந்த வளைவை ராவ் சார்தான் பழக்கியிருந்தார். நான் மூக்குப் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தேன். பெட்டியை உள்ளே வைத்து, வாரைப் போட்டு இறுக்கினான். பிறகு கைகூப்பினான். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லட்டுக்கு மூன்று எட்டு. சாமிக்கு எத்தனை என்று நான் யோசிக்கவேயில்லை. அவனுக்குப் பூட்ஸ் இருந்தது இறக்கை முனையில். சிமெண்டுத் தளம் தோசைக்கல்லாகக் காய்ந்துகிடந்தது. போகும்போது வளைந்து போனவன், வரும்போது சாமியைப் பார்த்தபடியே, பூட்ஸ் இருந்த திசைக்கு நேராகப் பின்னால் நடந்தான்.

விசிறியின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நான் தலையைத் தூக்கியது தற்செயல்தான். வலதுபக்க ஜன்னலுக்குள் துணை பைலட்டின் வாய் பெரிதாகத் திறந்திருந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். முனிரத்தினம் கண்ணை மூடியபடி, கூப்பிய கையோடு, லேசாகக் குனிந்து இன்னொரு எட்டு பின்வைத்தான். அவனுக்குப் பின்னால் இருந்தது காற்று மாதிரிதான் தெரிந்தது. முழு வேகத்தில் சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது.

நாலு தாவலில் போயிருப்பேன். எதைப் பிடிப்பது என்று யோசிக்க நேரமில்லை. அவனுடைய கூப்பிய கைகளையே இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இரண்டு பேரும் மூக்குப் பக்கமாகத் தரையில் விழுந்தோம். என் முழங்கை கிழிந்தது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நன்றியும் இல்லை, பயமும் இல்லை, சுத்தமான கோபம். கும்பிட்டுக்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்து ஒருவன் தள்ளிவிட்டால் வருகிற கோபம். பிறகு அவன் திரும்பிப் பார்த்தான். கேப்டன் விசிறியை நிறுத்திவிட்டிருந்தார். அது வேகம் குறைந்து, கலங்கி, நாலு இலையாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. அது முழுவதும் நிற்கும்வரை அவன் அசையவில்லை. நானும்தான்.

ராவ் சார் கட்டடத்திலிருந்து வந்தார். அப்போதும் ஓடவில்லை, ஆனால் வழக்கமான நடையும் இல்லை. எங்கள் இருவர் உடம்பையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முனிரத்தினம் கழுவிய காலோடு, சொட்டுகிற கால்சட்டையோடு நடந்ததால் காய்ந்த சிமெண்டில் ஈரக் காலடிகள் இருந்தன. மூக்குப் பெட்டிக்கு எதிரே தொடங்கி, குதிகால் முன்னே போக, ஆறு. வெயிலில் அவை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தன. ராவ் சார் பையிலிருந்து சாக்பீசை எடுத்து, மண்டியிட்டு, ஒவ்வொன்றையும் காயும் முன் சுற்றிக் கோடு போட்டார். ஆறாவதில் குதிகால் பக்கம் ஏற்கெனவே காய்ந்துவிட்டது. முனிரத்தினத்தைக் கூப்பிட்டு அதில் காலை வைக்கச் சொல்லிக் கோட்டை முடித்தார். சாவிக்கொத்தில் நூலைக் கட்டி, விசிறி இலையின் கீழ்நுனியிலிருந்து தொங்கவிட்டு, சாவி தொட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஆறாவது குதிகாலுக்கும் புள்ளிக்கும் நடுவே அளந்தார். பதினாறு அங்குலம். ஏழாவது எட்டு வைத்திருந்தால் குனிந்திருந்தவனின் இடுப்பு விசிறியில் பட்டிருக்கும்.

"ஏழு வெக்கறதாதான் இருந்தேன் சார்" என்றான் முனிரத்தினம். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமல், அவன் பாதத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சூட்டில் பொத்துப்போயிருந்தது.

உள்ளே இருந்த பயணிகள் ஒன்றையும் பார்க்கவில்லை. மரப்பெட்டிக்காரப் பெரியவர்கள் கதவருகே வந்து, சாமியை நிமிர்த்தித்தானே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறோம் என்றேன். இரண்டு விசிறியும் நின்றுவிட்டதால் எல்லோரும் கேபிளுக்காகக் காத்திருந்தோம். நாற்பது நிமிஷத்தில் மெக்கானிக் அதைச் சரிசெய்துவிட்டார். அவ்வளவுதான், நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் தலையசைத்தேன்.

ராவ் சார் அன்று மாலை அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கதவைத் திறக்கச் சொன்னது நான் என்று இருந்தது. மாற்றுக் கேபிள் வாங்கிவைக்காதது தான் என்று அவர் பெயரையும் அவரே எழுதியிருந்தார். தினக்கூலித் தொழிலாளி மேல் தவறு இல்லை என்று தனி வரி. அந்த வரிதான் எனக்கு வேண்டும். முனிரத்தினத்தை நிரந்தரம் ஆக்கும் பட்டியல் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். வரட்டும் சார் என்றேன். கையெழுத்துப் போடும்போது என் கை லேசாக இருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறான், எந்தக் கடிதம் வந்தால் என்ன?

ஆனால் அந்த அறிக்கையில் ஒன்று இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே நான் பார்த்தது இல்லை. ராவ் சாருக்கு அது தெரியாது.

என் மனைவி கிரேஸ் சித்தூரில் டீச்சர். நான் ரேணிகுண்டாவில் அறை எடுத்திருந்தேன், வார விடுமுறைக்கு மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், மூன்று வார விஷயத்தையும் சேர்த்து. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சபைக் கமிட்டியில் பாயின் விலைக்குக்கூட ஒரு மணிநேரம் சண்டை போடுகிற மனுஷன், ஒரு உயிர் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாரா என்று கேட்டாள். நான் காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இதெல்லாம் எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லிக்கினு இருக்கீங்க? அந்த முனிரத்தினத்துகிட்ட போயி சொல்லுங்க."

திருப்பதி பஸ்ஸில் இரண்டு மணிநேரமும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். வேலை முடிந்து, விமான நிலையத்துக்கு வெளியே இருந்த டீக்கடையில் முனிரத்தினத்தோடு உட்கார்ந்தபோது அடுக்கியதெல்லாம் கலைந்துவிட்டது. அவன் பன்னை டீயில் தோய்த்துத் துன்னுகொண்டிருந்தான். நான் மொட்டையாகச் சொன்னேன். நீ பின்னால நடக்கறதை நான் அன்னைக்கே பார்த்தேன், ஆபத்துன்னு தெரிஞ்சுது, நான் கிறிஸ்தவன், சொன்னா நீ தப்பா எடுத்துப்பியோன்னு சொல்லலை. அவன் பன்னைக் கடைசிவரை துன்னு முடித்தான்.

"நீ சொல்லியிருந்தின்னா எனக்கு கோவம் வந்துதான் இருக்கும்ணா. சாமி விசயத்துல இவரு யாருன்னு நாலு நாளு பேசாமக்கூட இருந்திருப்பேன்." டம்ளரைக் கீழே வைத்தான். "கோவப்பட்டுக்கினு உயிரோட இருந்திருப்பேன். அது உனுக்குத் தோணலியா?"

எனக்குத் தோன்றவில்லை. அத்தனை காரணங்களை யோசித்த எனக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. அப்படியே சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது, கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"செரி, இப்ப சொல்லு" என்றான்.

"முனி, இனிமே மூக்குப் பெட்டிகிட்ட பின்னால நடக்காதே."

அவன் முகம் சுருங்கியது. கோவில் பழக்கத்தை எப்படி விடுவது, சாமிக்கு முதுகு காட்டச் சொல்கிறாயா என்று நிஜமாகவே எகிறினான். கொஞ்சநேரம் இருவரும் குரல் உயர்த்திப் பேசினோம். திடீரென்று அவனுக்கே சிரிப்பு வந்தது. பாரு, கோவம் வந்துடுச்சி என்றான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சில நாளில் நான் ஒழுங்காக மூச்சுவிட்டது அப்போதுதான்.

மறுநாள் காலை அவனே ஒரு வழி கொண்டுவந்தான். கோவிலில் திரை போட்ட பிறகு யாராவது பின்னால் நடக்கிறார்களா? தரிசனம் முடிந்தது, திரும்பிக்கொண்டு போகிறார்கள். பிரசாதத்தை வைத்ததும் நின்ற இடத்திலேயே கும்பிட வேண்டியது, உடனே தன் கையாலேயே கதவை மூடித் தாழ்ப்பாள் போட வேண்டியது. கதவு மூடினால் திரை போட்டாயிற்று. பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்கும் முதுகு காட்டியது ஆகாது. மற்ற லோடர்களிடம் அதை அவன்தான் சொன்னான். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ராவ் சார் அதோடு இரண்டு சேர்த்தார்: தாழ்ப்பாள் போட்டவன் மூக்குக்கு முன்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும், பூட்சைக் கழற்ற வேண்டுமானால் அதையும் முன்பக்கம்தான் வைக்க வேண்டும். எல்லோரும் திருப்பிச் சொன்னோம். வலது விசிறி ஓடும்போது அந்தக் கதவு அதற்குப் பிறகு ஒருநாளும் திறக்கவில்லை. அந்த வருஷமே முனிரத்தினம் நிரந்தரம் ஆனான். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

அந்த இளம் அதிகாரிக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வாய் சும்மா இருக்காத ஆள் ஆகிவிட்டேன். சக்கரக் கட்டை ஓர் அங்குலம் விலகியிருந்தாலும் சொன்னேன், கழுத்தில் துண்டு தொங்கினாலும் சொன்னேன், அது யாருடைய நேர்த்திக்கடன் துண்டாக இருந்தாலும் சொன்னேன். அதிகமாகத் திட்டு வாங்கியது முனிரத்தினத்திடம்தான். நாங்கள் ஓய்வு பெறும்வரை அவன் என்மேல் எத்தனை தடவை கோபப்பட்டான் என்பதற்குக் கணக்கே இல்லை. சில சமயம் நாலு நாள் பேசாமலும் இருந்திருக்கிறான். அந்த நாலு நாளும் அவன் முறைத்துக்கொண்டே எனக்கு எதிரே வந்து போவதைப் பார்த்தபடி நான் நிம்மதியாக வேலை செய்வேன்.